கை படாத பாண்

அப்புத்துரை: …அப்ப நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன். நாளைக்குப் பத்து மணிக்கு வாறான். வீடியோக் கமராவோட.

விமலேஸ்வரி: ஆர் வாறது?

அப்புத்துரை: இவ்வளவு நேரமும் நான் ஆரோட கதைச்சனான்? சுவரோடையோ? சுகிர்தன். எங்கட மருமகன்ர தம்பி. லண்டனிலயிருந்து வந்து கொழும்பில நிக்கிறானெல்லே, அவன்.

விமலேஸ்வரி: வரட்டும், பாவம். நல்ல மீன் வாங்கிச் சமைச்சுக் குடுப்பம். கமரா என்னத்துக்கு?

அப்புத்துரை: பாண் மெசினைப் படம் பிடிக்க.

விமலேஸ்வரி: க்கும்… க்கும்…

அப்புத்துரை: என்ன, பாண் விக்கிட்டுதோ?

விமலேஸ்வரி: மெசினில என்ன படம் கிடக்கு? லண்டனில கடைக்குக் கடை அடுக்கி வைச்சிருப்பினம்.

அப்புத்துரை: அங்க மெசின் இருக்கும். எங்கட நெளுக்குளத்தில இருக்கோ? அதில குரக்கன் பாண் சுடுற விமலேஸ்வரி இருக்கோ? "அம்மா மெசினில சுடுற பாணைச் சாப்பிட்டு அப்பாவின்ர சீனி இறங்கிட்டுது" எண்டு பிரஷாந்தினி அங்க எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறாள். ஒருத்தரும் நம்பினமில்லையாம். அதுதான் சாட்சிக்கு வீடியோ. மாப் போடுறதிலயிருந்து பாண் வெளியில வாறது வரைக்கும் முழுக்க எடுக்கவேணுமாம்.

விமலேஸ்வரி: முழுக்கவோ? அதுக்கு மூண்டு மணித்தியாலம் செல்லுமே…

அப்புத்துரை: மூண்டரை. மெசினோட வந்த புத்தகத்தில கிடக்கு. வாசிச்சனான்.

விமலேஸ்வரி: உங்களுக்கு எப்ப இங்கிலீசு வந்தது?

அப்புத்துரை: படம் பாத்தனான். மணிக்கூட்டுப் படம் போட்டிருக்கு.

விமலேஸ்வரி: நாளைக்குக் கரண்ட் நிக்குமப்பா. எங்கட பக்கம் வெட்டு.

அப்புத்துரை: வெட்டுப் பின்னேரம். பேப்பரில போட்டிருக்கு.

விமலேஸ்வரி: பேப்பரில போடுறதெல்லாம் நடக்குதே? ஈஸ்ற்றும் முடிஞ்சுது.

அப்புத்துரை: வாங்கியாறன்.

விமலேஸ்வரி: குரக்கன் மாவும் அடியில கொஞ்சந்தான்…

அப்புத்துரை: மில்லில குடுத்து அரைச்சுக்கொண்டு வாறன். வேறென்ன குறை? சொல்லு.

விமலேஸ்வரி: இதென்ன புதுசா இருக்கு! முப்பத்திரண்டு வருசத்தில ஒரு பாதித் தேங்காய் துருவித் தந்திருப்பியளே எனக்கு?

அப்புத்துரை: தேங்காய் வேற, மெசின் வேற. மெசினுக்கெண்டா ஆம்பிளையள் உதவலாம்.

விமலேஸ்வரி: அவனை இன்னொரு நாளைக்கு வரச் சொல்லுங்கோவன்.

அப்புத்துரை: இன்னொரு நாளைக்கு அவன் பிளேனில இருப்பான். செக்பொயின்ற் எல்லாம் இறங்கி ஏறி, பெட்டியைக் கொட்டிக் காட்டி, பாஸ் எடுத்து, ஒரு பாணைப் பாக்க வாறான் மனிசன். அவனுக்குப் போய் ஈஸ்ற் இல்லையெண்டு சொல்லுவமோ?

விமலேஸ்வரி: மெசின் கமராவைக் கண்டா… ஏதும் செய்யாமல் விட்டிட்டா?

அப்புத்துரை: அதுக்கென்ன, பொம்பிளை பாக்கிற நேரமே கூச்சப்பட? ஆனா விமலா, அதின்ர சத்தம் கொஞ்சம் மாறித்தான் கிடக்கு. வந்த புதுசில பீப் பீப் எண்டு கத்தினது. இப்ப கிணிங் கிணிங் எண்டெல்லே அடிக்குது? எங்கட எலார்ம் மணிக்கூடு மாதிரி.

விமலேஸ்வரி: …தூசி போயிருக்கும். தொண்டை அடைச்சிருக்கும்.

அப்புத்துரை: ஓ. மெசினுக்கும் தடிமன். கசாயம் வைச்சுக் குடன்.

விமலேஸ்வரி: உந்த நக்கலை விட்டிட்டுக் காலைக் காட்டுங்கோ பாப்பம். அந்தப் புண்…

அப்புத்துரை: அது காஞ்சு ஒரு மாசம். தை மாசம் என்ர பெருவிரலைப் பாத்து "இப்பிடியே போனா எடுக்க வேண்டிவரும் ஐயா" எண்ட டொக்டர், போனமுறை அந்த விரலையே பிடிச்சுப் பாத்துச் சிரிச்சவர். சீனி இருநூற்றெண்பது நிண்டது, இப்ப நூற்றி நாப்பது. என்ன சாப்பிடுறியள் எண்டு கேட்டவர். மெசின் பாண் எண்டன். ஆற்ற கையும் படாத பாண் எண்டன்.

விமலேஸ்வரி: அப்பிடியே சொன்னனீங்கள்?

அப்புத்துரை: பின்ன? அதுதானே அதின்ர விசேசம். பேக்கரிப் பாணை ஆர் குழைச்சான், ஆர் மிதிச்சான், ஆருக்குத் தெரியும்? இது பார், மாவைக் கொட்டினால் மெசினே குழைச்சு மெசினே சுடுது. ஒரு கை படேல்ல. சுத்தம்.

விமலேஸ்வரி: …ஓம். சுத்தந்தான்.

அப்புத்துரை: எங்க எழும்பிப் போறாய்?

விமலேஸ்வரி: வேலிப் பக்கம். கோழி ஒண்டைக் காணேல்ல.

அப்புத்துரை: எங்களிட்டக் கோழி இல்லையே.

விமலேஸ்வரி: அதுதான் காணேல்ல எண்டுறன்.

*

விமலேஸ்வரி: பேச்சி… ஏய் பேச்சி… பேச்சியம்மா…

பேச்சியம்மா: வாறேம்மா, வாறேன். பொட்டு ஓட்டைக்குள்ள தலைய விடாதீங்க. போன தடவ கொண்டை மாட்டிக்கிட்டு வேலியே ஆடுச்சு.

விமலேஸ்வரி: மெல்லக் கதை. அவர் விறாந்தையில இருக்கிறார்.

பேச்சியம்மா: என்னாங்கம்மா, பின்னேரத்துல? பாண் காலைலதானே குடுத்தேன். அதுக்குள்ள தீந்துபோச்சா?

விமலேஸ்வரி: வீடே தீரப்போகுது. நாளைக்கு ஒருத்தன் வீடியோக் கமராவோட வாறானடி. மெசின் பாண் சுடுறதைப் படம் எடுக்க.

பேச்சியம்மா: எந்த மெசினு?

விமலேஸ்வரி: எத்தினை மெசின் கிடக்கு எங்களிட்ட? அதுதான்.

பேச்சியம்மா: சித்திரை மாசம் செத்துப்போச்சே, அதுங்களா?

விமலேஸ்வரி: சத்தம் போடாதை எண்டுறன்!

பேச்சியம்மா: நாலு மாசமா துணி போத்தி வச்சிருக்கீங்க. படம் எடுக்குறவரு மாலையும் கொண்டாந்தா நல்லது.

விமலேஸ்வரி: பகிடி விடாமல் கேள். நான் யோசிச்சிட்டன். அவனுக்கு முன்னால மாவைக் கொட்டி மெசினை மூடுவன். பிறகு சாப்பிட வாங்கோ எண்டு அங்கால கூட்டிக்கொண்டு போவன். நீ ஒரு பாணை இந்தப் பொட்டால தா. நான் உள்ளுக்க வைச்சிட்டு, மணிக்கூட்டை அடிக்க விடுறன்.

பேச்சியம்மா: அது மேல கண்ணாடி இருக்கேம்மா. உள்ள ஒண்ணும் சுத்தலைன்னு அந்தத் தம்பிக்குத் தெரியாதா?

விமலேஸ்வரி: துணி போட்டு மூடுவன்.

பேச்சியம்மா: கமராவுக்கு முன்னாடியா? மெசினுக்கு வயசுக்கு வந்த சடங்கா செய்யப் போறீங்க?

விமலேஸ்வரி: வேற என்ன செய்யச் சொல்லுறாய்?

பேச்சியம்மா: திருத்துற ஆளுகிட்ட காட்டியிருக்கலாம்ல.

விமலேஸ்வரி: காட்டினா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். பிறகு நாலு மாசமாச் சாப்பிட்டது ஆற்ற பாண் எண்டு கேப்பார்.

பேச்சியம்மா: கேக்கட்டும். சொல்லுங்க.

விமலேஸ்வரி: உனக்கு விசரே? உன்ர பாண் எண்டு தெரிஞ்சா தொடுவாரே? பிறகு பழையபடி பேக்கரிப் பாணும் பணிசும். பழையபடி சீனி ஏறும், புண் வெடிக்கும், விரல் போகும். உனக்கு அவரைத் தெரியாதே?

பேச்சியம்மா: தெரியாம? அக்கராயன்ல அவரு வயல்லதானே பதினஞ்சு வருசம் களை புடுங்குனேன். எங்களுக்குன்னு வேலியில ஒரு தகரப் பேணி கொழுவியிருப்பாரு. நாங்களே கழுவி, நாங்களே நீட்டணும். மேலேருந்து தேத்தண்ணி ஊத்துவீங்க. நீங்கதாம்மா ஊத்துவீங்க.

விமலேஸ்வரி: …இப்ப ஏன் அந்தக் கதை.

பேச்சியம்மா: அப்புறம் சண்டைக்குப் பயந்து அக்கராயன விட்டு எல்லாருமா நடந்தமே, அன்னைக்கு. ரெண்டு நாளா ஒருத்தருக்கும் சோறு இல்ல. நான் ரெண்டு ரொட்டி கொண்டாந்து ஐயாகிட்ட நீட்டினேன். "எனக்குப் பசியில்லை"ன்னாரு. நிக்க முடியாம மரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னு சொன்னாரு.

விமலேஸ்வரி: நான் வாங்கினனான்தானே.

பேச்சியம்மா: வாங்குனீங்க. ஐயா அந்தப் பக்கம் திரும்புனதும் வாங்குனீங்க. அன்னைக்கும் ஒளிச்சு, இன்னைக்கும் ஒளிச்சு. ரொட்டி போயி பாண் வந்திருக்கு, அவ்வளவுதான்.

விமலேஸ்வரி: உன்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்… அதென்ன, கையில இன்னும் கட்டு?

பேச்சியம்மா: வைகாசியில கிணத்தடியில வழுக்கி விழுந்தேன்ல. மணிக்கட்டு இன்னும் கூடலை.

விமலேஸ்வரி: மூண்டு மாசமாகுது! அப்ப மா ஆர் குழைக்கிறது?

பேச்சியம்மா: அதுக்கு ஒரு ஆளு வருது.

விமலேஸ்வரி: ஆளோ? எந்த ஆக்கள்?

பேச்சியம்மா: பாத்தீங்களா. கேட்டீங்க பாத்தீங்களா.

விமலேஸ்வரி: சீச்சீ, கை சுத்தமோ எண்டு கேக்க வந்தனான்…

பேச்சியம்மா: சோப்புப் போட்டுக் கழுவாம நான் மாவைத் தொட விடுறதில்லை. மொத நாளு சொன்னப்ப மூஞ்சி சுண்டிப்போச்சு. இப்பப் பழகிருச்சு.

விமலேஸ்வரி: எண்டாலும் நல்ல கைதான். வைகாசிக்குப் பிறகு பாண் இன்னும் மெதுவாத்தான் கிடக்கு. நான் மெசினில சுட்டதெல்லாம் ஏன் அப்பிடிக் கல்லாப் போச்சு? அதையும்தான் சரியா அளந்து போட்டனான்.

பேச்சியம்மா: நீங்க குரக்கன் மாவ மட்டும் கொட்டுனீங்க. ஒடம்புக்கு நல்லதுன்னா அள்ளிப் போட்டுறதா? குரக்கன்னா கேப்பைதானே, அதுக்குப் புடிப்பு இல்லம்மா, தனியா எந்திரிக்காது. ஒரு பங்கு குரக்கனுக்கு ரெண்டு பங்கு ஆட்டா மா வேணும். தண்ணி வெரல் தாங்குற சூட்டுல இருக்கணும். நீங்க கிணத்துத் தண்ணிய அப்படியே ஊத்தி, பொறவு கொதிக்கிறதையும் ஊத்துனீங்க. மொதப் பாணை எங்க ஆட்டுக்குப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு.

விமலேஸ்வரி: ஆட்டுக்கு என்ன தெரியும்?

பேச்சியம்மா: அதுக்குத் தெரிஞ்சதுகூட மெசினுக்குத் தெரியல. மாவு ராத்திரி பூராப் பொறுமையா புளிக்கணும். தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாக் குசினியில நான் பாத்தது அப்படித்தான். ஈஸ்ட்டு கெடைக்காதப்பக் கொஞ்சம் கள்ளு விட்டு வச்சா, காலையில துணியத் தள்ளிக்கிட்டு நிக்கும். பொறவு பெரிய சட்டியில மணலைப் போட்டு, அதுக்குள்ள பாண் தகரத்த எறக்கி, மூடி மேல செரட்டைக் கரி…

விமலேஸ்வரி: பொறு பொறு. என்னது விட்டு?

பேச்சியம்மா: கள்ளு.

விமலேஸ்வரி: ஐயோ! அவர் கள்ளுக் கொட்டில் இருக்கிற ஒழுங்கையாலயே நடக்கமாட்டாரடி!

பேச்சியம்மா: நடக்க வேணாம். நாலு மாசமா உள்ள போயிருச்சு. வெறிச்சு விழுந்தாரா?

விமலேஸ்வரி: கடவுளே… சரி, நடந்தது நடந்து போச்சு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குப் பாணைக் கொண்டு வந்து இதில நிண்டு கூப்பிடு.

பேச்சியம்மா: இல்லீங்கம்மா.

விமலேஸ்வரி: என்ன இல்லை?

பேச்சியம்மா: இனிமே பொட்டால குடுக்கமாட்டேன். நாளைக்குப் பாண் வேணும்னா வாசல் கேட்டத் தொறந்து வையுங்க. முன் வாசலால கொண்டாந்து தாறேன். ஐயா கண்ணு முன்னாடி.

விமலேஸ்வரி: என்னைக் கொல்லுறதெண்டு நிக்கிறியோ?

பேச்சியம்மா: மாவு என்னுது, கரி என்னுது. சுட்டுச் சுட்டு, திருடுன சாமான் மாதிரி ஓட்டைக்குள்ளால நீட்டுறேன். அடியில மெசின் தகடு சுத்துன மாதிரி ஓட்டை இருக்கணும்னு வெரல விட்டு நோண்டிக் குடுக்குறேன். அந்த லண்டன் புள்ள மெசினப் படம் புடிச்சுக்கிட்டுப் போகும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கமராவுக்குக் கை காட்டவா? எனக்கும் கொஞ்சம் ரோசம் இருக்கும்மா.

விமலேஸ்வரி: பேச்சி… அவர் சாப்பிடாமல் விட்டிட்டா?

பேச்சியம்மா: நீங்க சொல்லித்தான் பாருங்களேன். நாலு மாசமா மெசினுக்கு வாய் குடுத்தீங்க. உங்க வாய ஒருக்காத் தொறங்க.

*

அப்புத்துரை: எட்டரை ஆகுது. நடந்து குளிச்சிட்டும் வந்திட்டன். இன்னும் மெசினைத் துடைக்கேல்ல, பாணும் இல்லை. என்ன வீடு இது?

விமலேஸ்வரி: இஞ்சாருங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ.

அப்புத்துரை: இருந்தா?

விமலேஸ்வரி: ஒண்டு சொல்லவேணும். சொல்லி முடிக்குமட்டும் நக்கலடிக்கக் கூடாது.

அப்புத்துரை: அது கஸ்ரம். சொல்லு.

விமலேஸ்வரி: மெசின் வேலை செய்யாது.

அப்புத்துரை: இண்டைக்கோ?

விமலேஸ்வரி: சித்திரை தொடக்கம்.

அப்புத்துரை: …அப்ப நான் சாப்பிட்டது?

விமலேஸ்வரி: பாண்தான்.

அப்புத்துரை: மெசினும் இல்லாமல் ஆர் சுட்டது?

விமலேஸ்வரி: முதல் உந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ.

அப்புத்துரை: விமலா. ஆர்?

விமலேஸ்வரி: பேச்சி.

அப்புத்துரை: …ஓகோ.

விமலேஸ்வரி: கத்துறதெண்டா இப்பவே கத்துங்கோ. பொடியன் வர முதல் கத்தி முடியுங்கோ.

அப்புத்துரை: பேச்சியின்ர அடுப்பில. பேச்சியின்ர சட்டியில.

விமலேஸ்வரி: ஓம். பேச்சியின்ர கையால. கள்ளும் விட்டவள், அதையும் கேளுங்கோ. வேலிப் பொட்டால வாங்கி, மெசினுக்குள்ள வைச்சு, மணிக்கூட்டை அடிக்கவிட்டது நான். என்னப்பா செய்யிறது? அவளின்ர பாண் எண்டு சொன்னா நீங்கள் சாப்பிடமாட்டியள். விரல் போனாலும் பரவாயில்லை எண்டு இருப்பியள். அப்பிடிப்பட்ட மனிசன்தானே. அந்தப் புண்ணை ஆத்தினது மெசினில்லை, விளங்குதோ? கை படாத பாணாம்… அந்தக் கைதான் உங்கட விரலைக் காப்பாத்தினது!

அப்புத்துரை: முடிஞ்சுதோ?

விமலேஸ்வரி: முடியேல்ல. அக்கராயனால வெளிக்கிட்டு நடந்த அண்டைக்கு அவள் தந்த ரொட்டியை நீங்கள் வேண்டாமெண்டனீங்கள். நான் சாப்பிட்டனான். சீலைத் தலைப்புக்குள்ள ஒளிச்சு வைச்சுச் சாப்பிட்டனான்.

அப்புத்துரை: தெரியும்.

விமலேஸ்வரி: என்ன தெரியும்?

அப்புத்துரை: உன்ர வாயோரத்தில மா ஒட்டியிருந்தது. எனக்குப் பசியில கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன்ர வாயைப் பாத்துக்கொண்டுதான் நடந்தனான். பின்னேரம் வரைக்கும்.

விமலேஸ்வரி: …ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதி தந்திருப்பன்.

அப்புத்துரை: கேக்க வாய் வரேல்ல.

பேச்சியம்மா: அம்மா! கேட்டத் தொறங்க. கையில சூடா இருக்கு.

விமலேஸ்வரி: வந்திட்டாள். இஞ்சாருங்கோ, என்னோட என்ன வேணுமெண்டாலும் சண்டை பிடியுங்கோ. அவளை ஒண்டும் சொல்லாதையுங்கோ. காலில வேணுமெண்டாலும் விழுறன்…

பேச்சியம்மா: நகருங்கம்மா, சுடுது. இந்தாங்க பாண். இன்னைக்கு அடியில ஓட்டை கீட்டை ஒண்ணும் நோண்டலை. ஐயா, நீங்க என்ன நீங்க, ரெண்டாவது மாவப் பாதியில போட்டுட்டு ஓடி வந்துட்டீங்க? அது அங்க பிசையாம கெடக்கு.

அப்புத்துரை: உனக்குக் கொஞ்சம் பிந்தி வரத் தெரியாதே, பேச்சி?

விமலேஸ்வரி: என்ன… என்ன மா? ஆர் பாதியில போட்டது?

பேச்சியம்மா: அடப்பாவமே. இன்னும் சொல்லலையா? நாலு நாளா நீங்களாச் சொல்லிருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்.

அப்புத்துரை: அவள் முதல் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.

விமலேஸ்வரி: அந்தக் குழைக்கிற ஆள்… இவரோ?

பேச்சியம்மா: வைகாசிலேருந்து.

விமலேஸ்வரி: விடிய அஞ்சு மணிக்குக் கோயிலடிக்கு நடக்கப்போறன் எண்டு வெளிக்கிடுறது?

அப்புத்துரை: கோயிலடியால சுத்தித்தான் வாறது. டொக்டருக்குப் பொய் சொல்லேலாது.

விமலேஸ்வரி: நான் ஏழு மணிக்குப் பொட்டடிக்கு வருவனே! அப்ப எங்க நிண்டனீங்கள்?

பேச்சியம்மா: ஆட்டுக் கொட்டிலுக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு.

விமலேஸ்வரி: அதுதான் சேட்டெல்லாம் ஆட்டு மணம்! சவுக்காரம் போட்டு கசக்கிக் கசக்கி என்ர கை போச்சு. கோயிலடியில ஆரோ ஆடு கட்டுறாங்கள் எண்டு சொன்னனீங்கள்!

அப்புத்துரை: நீ மெசினுக்குத் தடிமன் எண்டனி. நான் ஏதும் கேட்டனானே?

விமலேஸ்வரி: என்னண்டு… என்னண்டு அங்க போனனீங்கள்? தண்ணிகூடக் குடிக்கமாட்டியளே?

அப்புத்துரை: உந்தப் பாண் எங்கால வருதெண்டு பாக்க ஒருநாள் நடையால நேரத்தோட வந்திட்டன். நீ பொட்டுக்குள்ளால பாண் வாங்கினதைக் கண்டனான். சண்டை பிடிக்கத்தான் அடுத்தநாள் விடிய அவளின்ர முற்றத்துக்குப் போனனான். உண்மையாச் சண்டை பிடிக்கத்தான்.

பேச்சியம்மா: போருக்கு வாற மாதிரித்தான் வந்தாரு. நான் கையில கட்டுப் போட்டுக்கிட்டு, ஒத்தக் கையால மாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். வலி தாங்க முடியாம கண்ணுல தண்ணி. "என்ன பேச்சி இது"ன்னாரு. "பாத்தாத் தெரியலையா? உங்களுக்குத்தான் பாண்"ணேன்.

விமலேஸ்வரி: பிறகு?

பேச்சியம்மா: நின்னுக்கிட்டே இருந்தாரு. ஏசவும் இல்ல, போகவும் இல்ல. அப்புறம் சேட்டுக் கைய மடிச்சாரு. மாவுல கை வைக்க வந்தாரு. நான் விடல. கையக் கழுவிட்டு வாங்கன்னேன்.

அப்புத்துரை: என்ர வயலில நிண்டவள். என்னைப் பாத்துக் கை கழுவு எண்டுறாள்.

விமலேஸ்வரி: நீங்கள் என்ன செய்தனீங்கள்?

அப்புத்துரை: கழுவினன்.

பேச்சியம்மா: ரெண்டு தரம். மொதத் தரம் சோப்புப் போடல.

விமலேஸ்வரி: அங்க… தேத்தண்ணி ஏதும் குடிச்சனீங்களோ?

பேச்சியம்மா: குடிக்காம? எங்க வீட்டுல இருக்குறதே நாலு பேணிதான். ஆளுக்கொண்ணு வேலியில கொழுவி வைக்க நமக்கு எங்க வசதி? எது கழுவிக் கெடக்கோ அதுல குடுத்தேன்.

அப்புத்துரை: முதல் நாள் அந்தப் பேணியைக் கையில வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டனான், விமலா. அக்கராயனில வேலியில தொங்கினது ஞாபகம் வந்திட்டுது. அது கறள் பிடிச்ச பேணி. இவளின்ரதில ஒரு கீறல்கூட இல்லை.

பேச்சியம்மா: சரி சரி, பாண் ஆறுது. ஐயா அழுதா உப்புக் கூடிப்போகும், பிரசர் ஏறும்.

விமலேஸ்வரி: இவ்வளவையும் எனக்கு ஏனப்பா மறைச்சனீங்கள்?

அப்புத்துரை: எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் மணிக்கூட்டை அடிக்கவிட்டு, "மெசின் பாண், சூடாச் சாப்பிடுங்கோ" எண்டு கொண்டுவந்து வைப்பாய். நான் குழைச்ச பாணை எனக்கே கொண்டுவந்து வைச்சிட்டு, என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பாய், கண்டுபிடிச்சிடுவாரோ எண்டு. நானும் கை படாத பாண், கை படாத பாண் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். வெக்கத்துக்கு ஏதாவது சொல்லவேணுமே.

பேச்சியம்மா: என்னையும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பட்ட பாடு! இந்தப் பக்கம் அம்மா "அவருக்குத் தெரியக்கூடாது", அந்தப் பக்கம் ஐயா "அவளுக்குத் தெரியக்கூடாது". பாணுக்கு வாய் இருந்தா அதுவே ஓடி வந்து சொல்லியிருக்கும்.

விமலேஸ்வரி: இப்ப அந்தப் பொடியனுக்கு என்னத்தைக் காட்டுறது? ஒன்பதாகப் போகுது.

அப்புத்துரை: வரட்டும். நேர பேச்சியின்ர முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம். மா அங்கதானே பாதியில கிடக்கு. அதை எடுக்கட்டும்.

பேச்சியம்மா: என்னையா? இந்தச் சீலையோடயா?

விமலேஸ்வரி: என்ர சீலை ஒண்டு தாறன், உடு. நீல நிறம் உனக்கு எடுப்பா இருக்கும்.

பேச்சியம்மா: பாத்தீங்களா, ஒரே நாளுல சீலை வரைக்கும் வந்தாச்சு.

விமலேஸ்வரி: ஆனா பிரஷாந்தினி கேப்பாளே. ஆசையா அனுப்பின மெசின் என்னண்டு பழுதாப்போனது எண்டு கேட்டு அழுவாள். கரண்ட் கூடி வந்து எரிஞ்சுபோச்சு எண்டு சொல்லுவம், என்ன? எங்கட பிழையில்லையெண்டு… என்னப்பா, ஏன் நிலத்தைப் பாக்கிறியள்? பேச்சி, இவர் ஏன் நிலத்தைப் பாக்கிறார்?

பேச்சியம்மா: எனக்குத் தெரியாதும்மா. இதுக்கு என்கிட்ட சத்தியம் வாங்கலை.

விமலேஸ்வரி: இஞ்சாருங்கோ?

அப்புத்துரை: அது எரியேல்லயப்பா… உன்ர ஆறாவது பாணிலதான் எனக்குக் கொடுப்புப் பல்லு உடைஞ்சது, கச்சான் கடிச்சது எண்டு பொய் சொன்னனான். ஏழாவதுக்கு நீ மா அளக்கிறதைக் கண்டிட்டு, நீ கோயிலுக்குப் போன நேரம் அந்த லண்டன் பிளக்கைக் கழட்டி, உள்ளுக்க இருந்த சின்னப் பியூஸை எடுத்துக் கிணத்துக்குள்ள எறிஞ்சது நான்தான்.